மலைநாட்டு வண்டியின் இரண்டாம் கியர்ப்பெட்டி



கண்டி நகரைவிட்டு எந்தத் திசையிற் புறப்பட்டாலும் ஏற்றம் ஒன்று நம்மை எதிர்கொள்ளும். ஹந்தானைப் பக்கம் திரும்பினாலும் சரி, பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குச் சென்றாலும் சரி, வத்துகாமம், பன்விலை கடந்து மடுல்கலைக்கு ஏறினாலும் சரி, செப்பனிட்ட தார்வீதி ஓரிடத்தில் முடிந்துவிடும். அதற்கப்பால் கல்லும் களிமண்ணுமான தோட்டப்பாதை. 1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது மாட்டு வண்டியும் மனிதத் தோளுமே அத்தகைய பாதைகளில் பாரம் சுமந்தன. பிற்காலத்தில் அந்தப் பாரத்தை ஏற்றுக்கொண்டவை நான்கு சில்லுகளாலும் இழுத்தேறும் வண்டிகள்.

அவை எந்த நாட்டில், எந்தத் தொழிற்சாலையில் பிறந்திருந்தாலும் நம்மவர் எல்லாவற்றையும் ‘ஜீப்’ என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுவர். அப்பெயர் இப்பகுதிக்குப் பழையது. 1944-இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றியபோதே ஜீப் வண்டியின் ஓசை கண்டி மக்களின் செவிக்குப் பழகியிருக்க வேண்டும். போருக்குப் பின் 1948-இல் லாண்ட் ரோவர் வந்தது. அதன் முதல் மூன்று வரிசைகளும் 1985 வரை உற்பத்தி செய்யப்பட்டன. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அவ்வண்டியைப் பற்றியே. எனினும் ஜீப் வைத்திருப்போருக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

இந்தப் பழைய வண்டிகளை இன்னும் ஏன் கட்டி அழவேண்டும் என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் இலங்கைக்கு மோட்டார் வண்டிகளை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வண்டிகள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய இரும்பு என்று ஒதுக்கப்பட்டிருந்தவைகூட மறுபிறவி எடுத்தன. அது ஒருபுறமிருக்க, மீமுறே போன்ற ஊர்களுக்கும் தோட்டத்தின் மேற்பிரிவுகளுக்கும் மழைநாளில் நோயாளியை ஏற்றவும் இறக்கவும் வேறு எது போகும்?

நோயாளி என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. இப்பேச்சுக்கு அதுவே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், கண்டிக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த மாலை. மேற்பிரிவு லயத்திலிருந்து பிரசவ வேதனையில் இருந்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. தோட்டத்துப் பழைய லாண்ட் ரோவரில் அவளும் அவள் தாயும் பின்னால். முன்னால் சாரதியும் நானும். சாரதி தாழ்நிலை கியரில் போட்டு, ஊர்ந்து ஊர்ந்து இறக்கிக்கொண்டு வந்தார். ஓர் ஓடையைக் கடந்து, சரிவின் நடுப்பகுதிக்கு வந்தபோது, தரையிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். சிவப்புக் குமிழ் கொண்ட தண்டு தானாகவே முன்னுக்குத் துள்ளி நடுவில் வந்து நின்றது. அதுவரை எஞ்சினே பிடித்து வைத்திருந்த வண்டி, கட்டவிழ்ந்த மாடுபோல ஓடத் தொடங்கியது.

“கியர் விட்டிருச்சுங்க ஐயா!” என்றார் சாரதி. ஓடையில் நனைந்த பிரேக்குகள் மிதித்த மிதிக்கு உடனே பிடிக்கவில்லை. அவர் பதறாமல் வண்டியை மலைப்பக்கத்து மண்சுவரில் உராயவிட்டார். கொஞ்சதூரம் மண்ணைக் கிழித்துக்கொண்டு சென்று நின்றது. மறுபக்கம் பள்ளம். பின்னால் இருந்த தாய், “தம்பி, என்னப்பா ஆச்சு?” என்று ஒருமுறை கேட்டதோடு சரி; மகளின் கையை விடவில்லை. வேறொரு வண்டி வந்து ஏற்றிச்சென்றது. அரைமணி நேரத் தாமதம். ஆஸ்பத்திரியிற் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

வண்டியின் கதை அத்தோடு முடியவில்லை. அதை நகரத்துப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே கியர் துள்ளுகிறது என்றவுடன் பெட்டியை இறக்கிப் பிரித்து, பற்சக்கரங்களையும் பெயரிங்குகளையும் மாற்றி, பெருந்தொகைக்கு ஒரு பற்றுச்சீட்டையும் கொடுத்தனர். இரண்டு வாரம் சென்றது. அதே சரிவில், அதே தண்டு, மறுபடியும் துள்ளியது. இம்முறை வண்டி வெறுமையாக இருந்ததும் சரிவு குறைவான இடமாக இருந்ததும் நற்பேறு.

இரண்டாம் முறை அதைப் பார்த்தவர், நகருக்கு வெளியே சிறு கொட்டகையில் வேலை செய்யும் ஒரு முதிய பாஸ். அவர் பெட்டியைத் தொடவேயில்லை. சாரதியை உள்ளே அமரச் செய்து, முன்னால் எவரும் நில்லாதபடி விலக்கி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முன்கியரிலும் பின்கியரிலும் மாறிமாறிக் கிளச்சைச் சற்றே விடச் சொன்னார். தாம் பக்கவாட்டிலிருந்து தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் தண்டு நன்றாக ஒரு விரற்கடை ஆடியது. “பெட்டியைத் திறக்க முன்னம் தரைத் தகட்டைத் திறந்து பாருங்க மாத்தயா” என்றார். பார்த்தோம். கியர்ப்பெட்டியைச் சட்டத்தில் தாங்கிநிற்கும் இறப்பர்த் தாங்கிகளுள் ஒன்று எண்ணெயில் ஊறிப் பிய்ந்து கிடந்தது. பெட்டி ஒருபக்கம் சரிந்திருந்தமையால், தண்டு முழுத்தூரம் பின்னுக்கு வரமுன்னரே தரைத் தகட்டின் ஓரத்தில் முட்டியது. உள்ளே பற்கள் பாதியே கவ்வின. மட்டமான நிலத்தில் அந்தப் பாதி போதும். பாரத்தோடு சரிவில் இறங்கும்போது போதாது. புதிய இறப்பர் துண்டு ஒன்றும் ஒரு முற்பகல் வேலையும், அவ்வளவே.

அன்றிலிருந்து இவ்வகை வண்டிகளின் இந்த ஒரு குறைபாட்டைக் கவனித்து, கேட்டு, பலருடன் வாதாடியும் வந்திருக்கிறேன். என் துணிபு இதுதான்: ட்ரான்ஸ்பர் பெட்டியின் தண்டு அடம்பிடிக்கும்போது, குற்றம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து உள்ளே தேடிச்செல்ல வேண்டும். நம் பட்டறைகளிற் பல உள்ளிருந்து தொடங்குகின்றன. அதற்கு அறியாமை மட்டும் காரணமென்று சொல்ல மாட்டேன்; பிரித்துக் கோத்தால்தான் கூலி கேட்க முடிகிறது என்பதும் ஒரு காரணம்.

இனி, அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். சாதாரண மோட்டார் வண்டியில் எஞ்சினுக்குப் பின்னால் ஒரு கியர்ப்பெட்டி உண்டு. இவ்வண்டிகளில் அதற்கும் பின்னால், அதனோடு ஒட்டியே, இன்னொரு பெட்டி இருக்கிறது. முதற்பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி, முன்னச்சுக்கு ஒரு தண்டும் பின்னச்சுக்கு ஒரு தண்டுமாகப் பகிர்ந்து கொடுப்பது இதன் முதல் வேலை. வேண்டும்போது அந்தச் சுழற்சியை மேலும் மெதுவாக்கி, இழுவையைப் பெருக்கித் தருவது இரண்டாம் வேலை. மெதுவான நிலையைத் தாழ்நிலை என்றும், சாதாரண ஓட்டத்துக்குரியதை உயர்நிலை என்றும் சொல்லுவோம். லாண்ட் ரோவரின் தாழ்நிலை, அதன் உயர்நிலையைக் காட்டிலும் இரண்டு முதல் இரண்டரை மடங்கு மெதுவானது; வண்டி செய்யப்பட்ட ஆண்டைப் பொறுத்து இது வேறுபடும். ஏறுவதற்கு அது வேண்டும் என்று எல்லாரும் அறிவர். இறங்குவதற்கே அது இன்னும் அதிகமாக வேண்டும். தாழ்நிலையில் முதற்கியரில் இருக்கும் வண்டியை எஞ்சினே இழுத்துப் பிடித்திருக்கும். சாரதி பிரேக்கைத் தொடவேண்டிய தேவை அரிது.

இவற்றை ஆள்வதற்கு லாண்ட் ரோவரில் இரண்டு சிறு தண்டுகள் உள்ளன. ஒன்றின் தலையில் மஞ்சட் குமிழ். மற்றதன் தலையிற் சிவப்பு. மஞ்சளைக் கீழே அழுத்தினால், உயர்நிலையிலேயே முன்சில்லுகளும் இழுக்கத் தொடங்கும். சிவப்பு முன்னே இருந்தால் உயர்நிலை. பின்னே இழுத்தால் தாழ்நிலை. நடுவில் நின்றால் எதுவுமில்லை, எஞ்சினுக்கும் சில்லுகளுக்கும் தொடர்பே அற்றுவிடும். சிவப்பைப் பின்னுக்கு இழுக்கும்போது முன்சில்லு இயக்கம் தானாகவே சேர்ந்துகொள்ளும். மஞ்சளை அழுத்த வேண்டியதில்லை. உயர்நிலையில் மஞ்சளை அழுத்தியிருந்து, பின்பு அதை விடுவிக்க வேண்டுமாயின், மஞ்சளைப் பிடித்து மேலே இழுத்துப் பயனில்லை. வண்டியை நிறுத்தி, சிவப்பை ஒருமுறை முழுதும் பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னுக்குத் தள்ள வேண்டும். அப்போது மஞ்சட் குமிழ் தானே மேலே எழும்பும். இதை அறியாதவர் எத்தனை பேர் மஞ்சட் குமிழை இடுக்கியாற் பிடித்து இழுத்து, பெட்டி பழுது என்று பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் தெரியுமா? வண்டி வாங்கும்போது கைநூலையும் கேட்டு வாங்குவார் நம்மில் அரியர்.

போர்க்கால ஜீப்பின் முறை வேறு. அதில் ஒரு தண்டு முன்னச்சைச் சேர்க்கும். மற்றது உயர்வும் தாழ்வும் மாற்றும். முன்னச்சைச் சேர்க்காமல் தாழ்நிலைக்குப் போகாதபடி உள்ளே ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். தாழ்நிலையின் பெரும் இழுவை முழுவதும் பின்னச்சின்மீது மட்டும் விழுந்தால் அச்சு தாங்காது என்பதே அதன் கருத்து. ஆகவே ஜீப்பில் தாழ்நிலை விழவில்லையென்றால் முதலில் மற்றத் தண்டைப் பார்க்க வேண்டும்.

இப்போது இப்பேச்சின் மையத்துக்கு வருகிறேன். கண்டிப் பகுதியில் இந்தத் தண்டுகள் சிக்கிக்கொள்வதற்கு மிகப் பொதுவான காரணம் பழுதே அன்று. அது ஒரு வகை முறுக்கு.

வண்டி வளைவிலே திரும்பும்போது முன்சில்லுகள் செல்லும் வட்டம் பெரிது. பின்சில்லுகளின் வட்டம் சிறிது. மழை பெய்து முடிந்த மண்பாதையில் ஒரு வண்டி திரும்பிச்சென்ற தடத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பின்சில்லுத் தடம் எப்போதும் உட்புறமாகவே இருக்கும். கொண்டையூசி போன்ற ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். நீள உடல் லாண்ட் ரோவரின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 109 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.77 மீற்றர். பின்னச்சின் நடுப்பகுதி 8 மீற்றர் ஆரமுள்ள வட்டத்தில் அரைவட்டம் சுற்றி வருமாயின், முன்னச்சு அதைவிட ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் அதிகம் ஓடவேண்டியிருக்கும். இது பள்ளிக்கூடக் கேத்திர கணிதம். இரண்டு அச்சுகளும் தனித்தனியே சுழலக்கூடியனவாயின் தொல்லையில்லை. ஆனால் இவ்வண்டிகளில் நான்கு சில்லு இயக்கம் சேர்ந்தவுடன் முன்தண்டும் பின்தண்டும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டப்பட்டுவிடுகின்றன. ஒன்று சுற்றிய அளவே மற்றதும் சுற்றியாக வேண்டும். அச்சிலுள்ள பற்சக்கரங்களின் விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த ஒரு வளைவில் முன்தண்டு பின்தண்டைவிடக் கிட்டத்தட்ட மூன்று சுற்று அதிகம் சுற்ற விரும்புகிறது. அதற்கு வழியில்லை.

பாதை களிமண்ணாகவோ சரளையாகவோ இருந்தால், ஏதாவது ஒரு சில்லு சற்றே வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். நமக்குத் தெரியாமலே தீர்ந்துவிடும். உலர்ந்த தார்வீதியில் ரயர் வழுக்காது. தீராத அந்த வேறுபாடு, துணியைப் பிழிவதுபோலத் தண்டுகளையும் அச்சுகளையும் முறுக்குகிறது. முறுக்கு முழுவதும் பெட்டிக்குள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும் பற்களின்மேல் வந்து இறங்குகிறது. இரண்டு ஆட்கள் இருபுறமும் இழுக்கும் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நிலைதான். தண்டை எவ்வளவு இழுத்தாலும் வராது. மஞ்சட் குமிழ் எழும்பாது. ஸ்டியரிங் கனக்கும். கிளச்சை மிதித்து விட்டதும் வண்டி தயங்கித் தயங்கி நிற்கும்.

உன்னஸ்கிரியப் பக்கத்து மலைப்பாதையில் நான்கு சில்லு இயக்கத்தோடு இறங்கி வந்த ஒருவர், தார்வீதியை அடைந்ததும் அதை விடுவிக்க மறந்து, மஹியங்கனை வீதியில் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற அந்த இறக்கத்தை முழுவதும் அப்படியே இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு மூன்று சுற்று வீதம் எத்தனை முறுக்கு! வலமும் இடமுமாக மாறித் திரும்புவதால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்று ஒரு நண்பர் வாதாடினார். கழியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்சில்லின் வட்டமே பெரிது. ஆகவே முறுக்கு எப்போதும் ஒரே திசையிற்தான் ஏறும். ரயர்கள் தேய்ந்தும் கிறீச்சிட்டும் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கின்றனவே ஒழிய, மிச்சம் தண்டிலேயே நிற்கும்.

இதற்கு மருந்து எளிது. வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, நேராகச் சில மீற்றர் பின்னோக்கி ஓட்டுங்கள். ஒருபக்கத்துச் சில்லுகள் வீதியோரச் சரளையில் ஏறுமாறு ஓட்டினால் இன்னும் நன்று. ஓரிடத்தில் ‘டக்’ என்று ஒலி கேட்கும். தண்டு வெண்ணெயிற் கத்தி இறங்குவதுபோல வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் ஜாக்கியால் ஒரு சில்லைத் தூக்கி முறுக்கைத் தளர்த்துவோரும் உண்டு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது, பின்னர் சொல்லுகிறேன். செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: தண்டைக் காலால் உதைப்பதும், இரும்புக்குழாயை மாட்டி நெம்புவதும். அப்போதுதான் வெளியிலிருந்த தொல்லை உள்ளே போகிறது. கவர்க்கோல் வளைந்துவிட்டால் பெட்டியைத் திறந்தே தீரவேண்டும்.

முறுக்கு அடிக்கடி ஏறுகிறதென்றால் ரயர்களைப் பாருங்கள். முன்னே புதிய ரயர், பின்னே தேய்ந்த ரயர், அல்லது அளவே வேறான ரயர் மாட்டியிருந்தால், நேர்வீதியிற் செல்லும்போதுகூட முன்னும் பின்னும் வெவ்வேறு சுற்று சுற்ற முயலும். காற்று குறைந்தாலும் அப்படியே. ரயர் விற்கும் விலையில் இரண்டிரண்டாக மாற்றுவது வழக்கமாகிவிட்டது. வண்டிக்காரரை நான் குறை சொல்லவில்லை. மாற்றுவோர், தார்வீதியில் நான்கு சில்லு இயக்கத்தைத் தொடாமலாவது இருக்க வேண்டும்.

முறுக்கு இல்லாமலும் தண்டு அசைய மறுத்தால், அடுத்ததாகத் தண்டின் கீழே குனிந்து பார்க்க வேண்டும். தண்டுகள் திரும்பும் ஆணிகளும் இணைப்புகளும் சேற்றுக்கும் மழைக்கும் திறந்த இடத்தில் இருக்கின்றன. ஆறு மாதம் அசையாதிருந்தால் துரு அவற்றை ஒட்டிவிடும். மஞ்சட் குமிழுக்குக் கீழேயுள்ள சுருள்வில் சேறு இறுகி அசையாமற் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துரு கரைக்கும் எண்ணெயை ஓரிரவு ஊறவிட்டு, மெல்ல மெல்ல அசைத்தால் போதும். 1983-க்குப் பின் வந்து, 1990-இலிருந்து டிஃபெண்டர் என்று பெயர்பெற்ற லாண்ட் ரோவர்களில் நான்கு சில்லுகளும் எப்போதும் இழுக்கும். நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் இருப்பதால் முறுக்கு ஏறாது. வழுக்கும் பாதைக்கு மட்டும் அதைப் பூட்டுவர். அவற்றிலும் இதே துருத்தொல்லை உண்டு. நகரவாசி ஒருவர் ஐந்து வருடம் அந்தத் தண்டைத் தொடாமலிருந்துவிட்டு, ஒருநாள் மலையேறப் போய், அது அசையவில்லை என்று முறையிடுவார். மாதம் ஒருமுறை, மண்பாதையிற் சில மீற்றர், எல்லா நிலைகளையும் போட்டு எடுத்தால் இந்தத் தொல்லை அண்டாது.

தண்டு ஒழுங்காக விழுகிறது, ஆனால் முன்சில்லு இழுக்கவில்லை என்று சிலர் சொல்வர். முன்சில்லுகளின் நடுவில், கையால் திருப்பிப் பூட்டும் மூடிகள் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எரிபொருள் மிச்சமாகும் என்று பிற்காலத்திற் பலர் அவற்றைப் பொருத்தினர். அவை திறந்திருந்தால் பெட்டி என்ன செய்தாலும் சில்லுக்குப் போய்ச் சேராது. இன்னொன்று: மஞ்சளை அழுத்திய கணமே பற்கள் கவ்வாமல் இருக்கலாம். அவை நேர்ப்படும்வரை சுருள்வில் காத்திருக்கும். சில மீற்றர் ஓடியதும் தானே கவ்வும். அது பழுதன்று.

துள்ளும் தண்டுக்கு இறப்பர்த் தாங்கி ஒரு காரணம் என்று கண்டோம். தரையில் விரித்த தடித்த பாய்கூடத் தண்டை முழுத்தூரம் வரவிடாமல் தடுப்பதுண்டு. இவை சரியாக இருந்தும் துள்ளுமாயின், தண்டை அந்தந்த நிலையில் நிறுத்திவைக்கும் சிறு குண்டையும் அதன் வில்லையும் ஐயுற வேண்டும். வில் தளர்ந்தால் பிடிமானம் போய்விடும். இவையெல்லாம் பார்த்து முடித்த பின்னரே, தேய்ந்த பற்கள், தேய்ந்த கவர்க்கோல், அச்சின் நீளவாட்டு ஆட்டம் என்று உள்ளே செல்ல வேண்டும். அதற்குத் தேர்ந்த கையும் அளவுக் கருவிகளும் தேவை. வானொலியில் சொல்லித்தரும் விடயமன்று.

எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. லாண்ட் ரோவரில் கியர்ப்பெட்டிக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டிக்கும் எண்ணெய் வெவ்வேறு. பின்னதற்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றர் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இறப்பர் அடைப்பு தேய்ந்தால், ஒன்றன் எண்ணெய் மற்றதற்குள் ஒழுகும். ஒன்று வற்றும், மற்றது நிறைந்து வழியும். ஆகவே ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. ஓடை கடந்து பழகிய வண்டியில் நீர் புகுந்திருந்தால் எண்ணெய் பால்போல வெளுத்திருக்கும். அதை உடனே மாற்றவேண்டும். வடித்த எண்ணெயில் விரலைத் தோய்த்து வெயிலிற் பிடித்துப் பாருங்கள். மிக நுண்ணிய பொடி மின்னினால் அது வயதின் அடையாளம். செதில் செதிலாக இரும்பு வந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் எண்ணெய் ஒழுக்கில் நான் அஞ்சுவது வேறொன்றை. லாண்ட் ரோவரின் கைப்பிரேக் சில்லுகளிற் பிடிப்பதில்லை. ட்ரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில், பின்தண்டின் தலையில் ஒரு பீப்பாய் இருக்கிறதே, அதைத்தான் பிடிக்கிறது. பழைய ஜீப்பிலும் இவ்வாறே. பெட்டியின் பின்னடைப்பு ஒழுகினால் எண்ணெய் நேரே அந்தப் பிரேக்கிற்குள் போகும். பெட்டியடியில் நாலு சொட்டு எண்ணெய் என்று நாம் அலட்சியம் செய்வது, உண்மையிற் கைப்பிரேக் போய்விட்டது என்பதற்கான அறிவிப்பு. கண்டியில் மட்டமான வண்டித்தரிப்பிடம் எங்கே இருக்கிறது? சரிவில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, முதற்கியரிலும் போட்டுவிட்டேன் என்று ஒருவர் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போவார். சிவப்புத் தண்டு நடுவில் நின்றிருந்தால் அந்த முதற்கியர் வண்டியைப் பிடிக்காது. கைப்பிரேக்கும் எண்ணெயில் ஊறியிருந்தால் வண்டியைத் தாங்குவது எதுவுமில்லை.

முன்னர் சொல்வதாக வாக்களித்த ஜாக்கி ஆபத்தும் இதனோடு சேர்ந்ததே. கைப்பிரேக் பின்தண்டைப் பிடிக்கிறது. பின்தண்டு டிஃபரென்ஷியல் வழியாக இரண்டு பின்சில்லுகளையும் பிடிக்கிறது. ஒரு பின்சில்லை மேலே தூக்கியவுடன், தரையிலுள்ள மறுசில்லு ஒரு திசையில் உருள, தூக்கிய சில்லு எதிர்த்திசையிற் சுழலும். தண்டு அசையாமலே வண்டி உருண்டுபோகும். கைப்பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைத் தடுக்காது. ஆகவே இவ்வண்டியில் ஜாக்கி வைக்குமுன், தரையில் நிற்கப்போகும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கனமான கட்டையோ கல்லோ முட்டுக்கொடுக்க வேண்டும். சரிவில் ஜாக்கியே வைக்கக்கூடாது. முறுக்கைத் தளர்த்தத் தூக்கும்போது, முறுக்கு விடுபடும் நொடியில் தூக்கிய சில்லு சட்டென்று சுழலும். கை அங்கே இருக்கலாகாது.

மேற்கு வங்காளத்தில் டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்ஃபு சிகரத்துக்கு, 1950-களிற் செய்யப்பட்ட முதல் வரிசை லாண்ட் ரோவர்களையே வாடகை வண்டியாக ஓட்டிவந்தார்கள். 2018-இல் லாண்ட் ரோவர் நிறுவனம் தன் எழுபதாம் ஆண்டைக் கொண்டாடியபோதும் அவை ஏறிக்கொண்டிருந்தன. அறுபது வயது வண்டி அப்படிப்பட்ட மலையை ஏறுவதற்கு, நாள்தோறும் தண்டைத் தொட்டு அதன் குணத்தை அறிந்த சாரதிகளே காரணமாக இருக்கவேண்டும். ஓடாமல் நிற்கும் வண்டியே சீக்கிரம் கெடுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போது, அதுவும் இறக்கத்தில், உயர்நிலையிலிருந்து தாழ்நிலைக்கு மாற்ற முயல்வதைப் பற்றி இரண்டு வார்த்தை. பற்கள் நேர்ப்படாமல் அரைபடும், தண்டு உள்ளே போகாது, பழைய நிலைக்கும் திரும்பாது, நடுவில் நிற்கும். அதற்குள் வண்டி வேகம் எடுத்துவிடும். நடுவில் சிக்கிவிட்டால் தண்டோடு மல்லுக்கட்டாமல், முதலிற் காற்பிரேக்கால் வண்டியை முழுவதும் நிறுத்துங்கள். நின்ற பின் கிளச்சை மிதித்துத் தண்டைப் போடுங்கள். விழாவிட்டால் கிளச்சைச் சிறிது விட்டு மறுபடி மிதித்தால் பற்கள் இடம் மாறி வழிவிடும். காற்பிரேக் நனைந்திருந்தால், ஓடையைக் கடந்தவுடனே மட்டத்தில் சிலமுறை மெல்ல மிதித்து உலர்த்தியிருக்க வேண்டும். அன்று எங்களுக்கு அந்த நினைவு வரவில்லை.

அந்தத் தோட்டத்து லாண்ட் ரோவர் இன்றும் ஓடுகிறது. சாரதியும் அவரே. சரிவு தொடங்குமிடத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதற்கு எதிரே மட்டமான சிறுவெளி. எத்தனை அவசரமானாலும் அங்கே வண்டியை நிறுத்துவார். சிவப்புத் தண்டைப் பின்னுக்கு இழுத்து, உள்ளங்கையால் இன்னொரு தட்டுத் தட்டி, முட்டும்வரை வந்துவிட்டதா என்று பார்ப்பார். கிளச்சைக் கொஞ்சம் விட்டு, வண்டி பிடியில் நிற்பதை உணர்ந்த பின்னரே கைப்பிரேக்கை இறக்குவார். பின்னால் இருப்பவர்கள், “என்ன அண்ணே, சாமி கும்பிடுறீங்களா?” என்று கேலி செய்வார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.